1904-ல் வந்த அந்தப் புத்தகம் யார் காசு? குடும்ப அறக்கட்டளைகளும் நெல்லைச் சீமைக் கலைகளும்

உடுக்கைச்சத்தம்:
போன வாரம் ஒரு பாராட்டு விழாவில் கேட்ட பேச்சு இன்னும் காதைக் குடைகிறது. "நம் நெல்லைச் சீமையில் கலையும் கல்வியும் உயிரோடு இருப்பதே நாலைந்து பெரிய குடும்பங்களின் அறக்கட்டளைகளால்தான்" என்று மேடையில் ஒருவர் சொன்னார். எட்டயபுரம் அரண்மனை உதவியால் 1904-ல் அச்சில் வந்த கர்நாடக இசை நூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைச் சான்று காட்டினார், கூட்டம் கை தட்டியது. அதே பேச்சை மேலரதவீதி அண்ணாச்சி இங்கே எடுத்துப் போட்டு "நூற்றுக்கு நூறு உண்மை" என்று எழுதியிருக்கிறார்.

நான் சேரன்மகாதேவிப் பக்கம் வில்லுப்பாட்டுக் குடும்பம். தாத்தா குடம் அடித்தார், அப்பா உடுக்கை, நானும் உடுக்கைதான். எங்கள் வயிற்றை நிரப்பியது எந்தக் குடும்பத்தின் அறக்கட்டளையும் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள், பீடி சுற்றிக் கிடைத்த கூலியில் சேர்த்துவைத்து ஒரு விதவை அம்மா தன் வீட்டுப் பங்கைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் காசில் சாமக்கொடைக்கு வில்லு கட்டி விடிய விடிய சுடலைமாடன் கதை படித்திருக்கிறோம். அந்த அம்மாவின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1904-ல் அந்தப் புத்தகம் யார் காசில் வந்தது?

மேலரதவீதி:
தம்பி, கோபத்தில் எழுதுகிறீர்கள். தலைக்கட்டு வரியை நான் எங்கே குறைத்துச் சொன்னேன்? கொடை மூன்று நாள். மற்ற முந்நூற்று அறுபத்திரண்டு நாளும் ஒரு கலைஞன் என்ன சாப்பிடுவான் என்பதுதான் என் பேச்சு. நான் வங்கியில் ஓய்வு பெற்றபின் ஒரு குடும்ப அறக்கட்டளைக்குச் சம்பளம் வாங்காமல் கணக்கு பார்க்கிறேன். வருஷா வருஷம் ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் பிள்ளைகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பதை நேரில் பார்க்கிறவன். அந்தக் காசோலை கிழிகிற சத்தம் உங்கள் உடுக்கைச் சத்தத்துக்குக் குறைந்ததில்லை.

எட்டயபுரத்துப் பேரன்:
எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டதால் எழுதுகிறேன். முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்தது எங்கள் ஊர். 1835 தீபாவளி நாளில் உயிர் பிரிந்ததும் அங்கேதான், சமாதி இன்றும் இருக்கிறது. அவர் தம்பி வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர் அரண்மனை வித்வான். இசையை அச்சேற்ற முனைந்த சின்னசாமி முதலியார் கேட்டு, அரண்மனை ஒப்புக்கொண்டு, ஊரிலேயே இருந்த வித்யா விலாசினி அச்சகத்தில் அந்தப் பெரிய நூல் அச்சானது. கீர்த்தனைகள் சுரத்தோடு, சுரத்தை அசைத்துப் பாடும் கமகக் குறியோடு இருக்கின்றன. அது வந்திராவிட்டால் தீட்சிதர் பாடல்களில் எத்தனை நமக்கு மிஞ்சியிருக்கும்? யார் காசு என்று கேட்கிற தம்பி முதலில் அந்த நூலைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

உடுக்கைச்சத்தம்:
தெலுங்கு எழுத்தில் அச்சான நூலை நான் எங்கே படிக்க? சரி, அது கிடக்கட்டும். நீங்கள் எழுதியதில் அச்சகம் இருக்கிறது, சுரம் இருக்கிறது, கமகம் இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஜமீன் கஜானாவில் இருந்தது கரிசல் காட்டுச் சம்சாரி கட்டிய தீர்வை. மழை பொய்த்த வருஷத்திலும் மாட்டை விற்றுக் கட்டிய காசு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவருக்கு 'புரவலர்' என்று பட்டம்!

அப்புறம், அந்தப் புரவலர் வாசலில் பாரதிக்கு என்ன கிடைத்தது? 1919-ல் கடையத்தில் இருந்துகொண்டு எட்டயபுரம் ராஜாவுக்கு உதவி கேட்டுச் சீட்டுக்கவி, அதாவது பாட்டாகவே ஒரு கடிதம், எழுதி அனுப்பினார். கவி போனது, காசு வரவில்லை.

எட்டயபுரத்துப் பேரன்:
சிறுவனாக இருந்தவருக்கு 'பாரதி' என்ற பட்டம் கிடைத்த ஊர் எது? பிறகு வேலை கொடுத்த அரண்மனை எது? ஒரு கை கொடுத்ததை மறைத்துவிட்டு, கொடுக்காத ஒரு நாளை மட்டும் தூக்கிப் பிடிக்கிறீர்கள். காசு யார் காசு என்று தோண்டினால் தமிழ்நாட்டில் எந்தக் கோபுரமும் நிற்காது. பெரிய கோயிலுக்கும் இதே கேள்வியைக் கேட்பீர்களா?

உடுக்கைச்சத்தம்:
கேட்பேன். நீங்கள் 1904-க்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். இங்கே நாலு விஷயம் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கிறது. ஜமீன் கொடுத்தது ஆட்சியாளர் கொடை, அது 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தது. கோயில் கட்டளை, மண்டகப்படி எல்லாம் ஒரு குறிப்பிட்ட பூஜைக்கோ திருவிழா நாளுக்கோ எழுதி வைப்பது. பெரிய கம்பெனிகள் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன, அது கட்டாயம். குடும்ப அறக்கட்டளை இது மூன்றும் இல்லை. சொந்தச் சொத்தை எழுதிவைத்து, வரிவிலக்குக்காக வருமான வரித் துறையில் பதிவு வாங்கி, வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவு செய்ய வேண்டும். 80ஜி என்று சொல்லும் நன்கொடைப் பதிவும் இருந்தால், அதற்கு நன்கொடை தருகிறவர்களுக்கு வரிச்சலுகை உண்டு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது.

உடுக்கைச்சத்தம்:
வரிச்சலுகை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணாச்சி, நன்றி. கொடுத்த பணத்தில் பெரும்பாலும் பாதியைக் கொடையாளி தன் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்படியானால் கஜானாவுக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. 1904-ல் சம்சாரியின் தீர்வை, இப்போது என் வீட்டு உப்புப் புளிக்கு நான் கட்டும் வரி. அதே தேங்காய், அதே பிள்ளையார்.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னது அது இல்லை. 85 சதவீத விதி என்பது...

வடக்கு வண்டானம்:
எட்டயபுரம் தூத்துக்குடி மாவட்டம். நெல்லைச் சீமை என்று தலைப்பு வைத்துவிட்டு எதற்கு எங்கள் ஊரை இழுக்கிறீர்கள்?

எட்டயபுரத்துப் பேரன்:
1986 அக்டோபர் வரை நெல்லை மாவட்டம்தான். அச்சுப் போட்ட காலத்திலும் நெல்லைதான். ஆவணத்தில் கோடு போட்டால் மண் மாறிவிடுமா?

வடக்கு வண்டானம்:
மாறும். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க எங்கே போகிறீர்கள், நெல்லைக் கொக்கிரகுளத்துக்கா? நல்லது எல்லாம் நெல்லைக்கு, தண்ணீர்ப் பஞ்சம் மட்டும் எங்களுக்கு என்பது பழைய கதை. தாமிரபரணித் தண்ணீரில் எங்கள் பங்கைப் பற்றி எழுதினேனே, அப்போது இந்த 'ஒரே மண்' பேச்சு எங்கே போனது?

மேலரதவீதி:
தண்ணீர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

பாளை டீச்சர்:
நான் சாரா டக்கர் கல்லூரியில் படித்தவள், முப்பது வருஷம் பாளையங்கோட்டையில் பாடம் நடத்தியவள். எங்கள் கல்லூரி 1895-ல் ஆரம்பித்தது. அந்தப் பெயருக்குரிய அம்மா நம் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே பெண்பிள்ளைகள் எழுத்து தெரியாமல் இருக்கிறார்கள் என்று தன் சகோதரர் சொல்லக் கேட்டு, இங்கிலாந்தில் இருந்தபடியே பணம் திரட்டி அனுப்பினார். நெல்லை ம.தி.தா. இந்துக் கல்லூரியின் முன்னெழுத்துகள் மதுரை திரவியம் தாயுமானவர் என்ற கொடைப் பெயர். பாரதியும் புதுமைப்பித்தனும் படித்த இடம் அது. கொடுத்தவர்களின் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் என் அம்மா கைநாட்டாகவே இருந்திருப்பார், நானும் அப்படித்தான். தம்பிக்கு இது உறைக்க வேண்டும்.

உடுக்கைச்சத்தம்:
டீச்சரம்மா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள். அந்த அம்மா திரட்டி அனுப்பினார், அதாவது பலபேர் போட்ட சில்லறை. அதுவும் தலைக்கட்டு வரிதான், ஊர் மட்டும் வேறு. ஒரு குடும்பம் மட்டும் காப்பாற்றியது என்ற பேச்சுக்குத்தான் நான் கொதிக்கிறேன்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடமும், சனி ஞாயிறு வில்லும் உடுக்கையும் சொல்லிக்கொடுக்கிறோம். இருபத்தாறு பிள்ளைகள். ஒரு குடும்ப அறக்கட்டளையிடம் நாற்பதாயிரம் கேட்டுப் போனோம். மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு கேட்டார்கள், கொடுத்தோம். புகைப்படம் கேட்டார்கள், கொடுத்தோம். பெரியவர் படத்தோடு பேனர் கட்டச் சொன்னார்கள், அதையும் கட்டினோம். எட்டு மாதம் நடந்த பிறகு பதினைந்தாயிரம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: அதில் ஒரு ரூபாய் கூட நடத்துகிறவர்களுக்குச் சம்பளமாகப் போகக் கூடாது, பாயும் நோட்டும் உடுக்கையும் மட்டும் வாங்கலாம். உடுக்கை வாங்கினால் போதுமா, அதை அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் வயிறு இல்லாமல் பிறந்தவனா? எங்களில் ஒருவன் அடுத்த மாதமே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், கல்வெட்டுக்குக் கொடுப்பார்கள். நடத்துகிற ஆளுக்குக் கொடுக்க மட்டும் கை வராது.

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா 1981-ல் ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளோடு ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ வாங்குகிற வரைக்கும் அதே இடத்தில் நின்றார். அங்கே முதலில் இருந்தது ஆள். கட்டடம் பிறகு வந்தது.

வடக்கு வண்டானம்:
ஆய்க்குடி தென்காசி மாவட்டம். 2019-ல் பிரித்தாயிற்று.

எட்டயபுரத்துப் பேரன்:
உங்களுக்கு வேறு வேலையே இல்லையா வே?

மேலரதவீதி:
தம்பி, கணக்கு கேட்டது தப்பா? பொதுக் காசுக்குக் கணக்கு கேட்பதை வாழ்நாள் எல்லாம் செய்தவன் நான். நாங்கள் கணக்கு கேட்காமல் கொடுத்த இடங்களில் பிள்ளைகள் பெயரைப் போட்டு ஏமாற்றியதையும் பார்த்திருக்கிறேன். சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை என்பது சில அறக்கட்டளைகளின் பழக்கம், எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் படிக்கத் தகுந்த கலை என்று எடுத்துக்கொண்டது பாளை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம். அதற்கு உதவியது ஃபோர்டு அறக்கட்டளை. கார் தயாரித்த ஒரு குடும்பம் 1936-ல் ஆரம்பித்ததுதான் அது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உடுக்கைச்சத்தம்:
கதை யாருடையது? பாடியது யார்? ஒலிநாடா வாங்கியவர் கலையைக் காப்பாற்றியவர் ஆகிவிடுவாரா? அந்த மையத்துப் பேராசிரியர்கள் ஊர் ஊராக அலைந்து கொடை கொடையாகக் கண்விழித்தார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன், காசோலையைக் கும்பிட மாட்டேன். 1904-க்கு இன்னும் பதில் வரவில்லை.

நம்பியாற்றங்கரை:
திருக்குறுங்குடியில் இருந்து எழுதுகிறேன். கைசிக ஏகாதசி இரவில் நம்பி சந்நிதியில் நடக்கிற கைசிக நாடகத்தைப் பற்றி ஒருவருமே பேசவில்லை. நம்பாடுவான் பாணர் குலத்துப் பக்தன். கைசிகப் பண் பாடி, அந்தப் பாட்டின் பலனால் பிரம்மராட்சசனுக்கே விமோசனம் வாங்கிக்கொடுத்தவன். அந்த நாடகம் நலிந்து கிடந்தபோது 1999-ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னம் தன் அரங்கம் அறக்கட்டளை மூலம் நாடகப் பேராசிரியர் இராமானுஜத்தைக் கொண்டு அதைச் சீர் செய்து மேடை ஏற்றினார். அவர் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் சுந்தரம் ஐயங்கார் 1877-ல் பிறந்தது எங்கள் ஊரில். கோயில் திருப்பணியும் அந்தக் குடும்பத்தவர் செய்ததுதான். பிறந்த ஊரை மறக்காதவர்களை இப்படிப் பேசினால் எங்களுக்கு வலிக்கிறது.

உடுக்கைச்சத்தம்:
ஐயா, நம்பாடுவான் கதையைச் சொன்னதற்கு நன்றி. அவனுக்கு யார் மானியம் கொடுத்தார்கள்? எந்த அறக்கட்டளை கணக்கு கேட்டது? பாணன் விரதம் இருந்து ராவோடு ராவாக நடந்து போய்ப் பாடினான். நான் 1999-ல் நடந்ததைத் தப்பென்று சொல்லவில்லை. ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்து, ஆளை நம்பிக் கொடுத்ததால் அது நடந்தது. எங்களை அப்படி நம்பிக் கொடுத்தவர் யாரும் இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மேலரதவீதி:
இதைத்தானே நானும் சொல்கிறேன், குடும்பம் கொடுத்தது, கலை பிழைத்தது என்று.

உடுக்கைச்சத்தம்:
இல்லை. நீங்கள் "கொடுத்ததால்தான்" என்கிறீர்கள். அந்த 'தான்' எங்கள் தாத்தாவை அழிக்கிறது.

எட்டயபுரத்துப் பேரன்:
ஒரு எழுத்துக்கு இவ்வளவு கூத்தா? நீங்கள் எங்கள் அரண்மனையை 'கடைத்தேங்காய்' என்றதற்கு இன்னும் வருத்தம் சொல்லவில்லை. 'தான்' என்பதை அண்ணாச்சி எடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

மேலரதவீதி:
நானும் எடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
சம்பளப் பேச்சுக்கு ஒரு விளக்கம். அறக்கட்டளை நன்கொடையில் நடத்துகிறவருக்கு நியாயமான சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் தடை இல்லை. அது அந்தந்த அறக்கட்டளை வைத்துக்கொண்ட நிபந்தனை மட்டுமே. கேட்டு மாற்றச் சொல்லலாம்.

பாளை டீச்சர்:
தம்பி உடுக்கை, அந்த இருபத்தாறு பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு எத்தனை பேர்? கணக்குப் பாடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நான் சனிக்கிழமை வருகிறேன். சேரன்மகாதேவிக்கு பஸ் இருக்கிறது. ஆனால் காசைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

உடுக்கைச்சத்தம்:
ஒன்பது பேர் அக்கா. வாருங்கள், ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன். வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கொடை, அதுவரை இங்கே வர மாட்டேன். எட்டயபுரத்து அண்ணாச்சி அதற்குள் பதில் எழுதி வைக்கட்டும்: 1904, யார் காசு?

எட்டயபுரத்துப் பேரன்:
எழுதியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.

வடக்கு வண்டானம்:
தலைப்பில் 'நெல்லைச் சீமை' இன்னும் அப்படியே இருக்கிறது. யார் மாற்றுவது?