மாணவர் குறும்படத்தின் தொடக்க டைட்டில்: எப்படித் திட்டமிடுவது?

செம்மண்:
வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தாயையும் மகளையும் பற்றி 14 நிமிடக் குறும்படம் எடுத்து வருகிறோம்; படப்பிடிப்பு இன்னும் 2 நாள் மிச்சமிருக்கிறது. தொடக்க டைட்டிலில் 22 பெயர்கள் வருகின்றன. கருப்புப் பின்னணியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து சேரும்படி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் 90 விநாடிக்குச் செய்து பார்த்தேன். ஆனால் 'தொகுப்பு' என்ற சொல்லில் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து வருகின்றன. எழுத்துருவை மாற்றினால் போதுமா?

கத்தரிமேசை:
எழுத்துருவுக்கு முன் நீளத்தைப் பாருங்கள். 14 நிமிடம் என்பது 840 விநாடி. அதில் 90 விநாடியைப் பெயர்களுக்கே கொடுத்தால், படத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கதை தொடங்காமலேயே கழிந்துவிடும். இயக்கம், ஒளிப்பதிவு, தொகுப்பு, ஒலி, முதன்மை நடிகர்கள் என 5 கார்டுகளை (திரையில் ஒரு தடவை தோன்றும் பெயர்ப் பலகைகளை) தொடக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை இறுதிக்குக் கொண்டுபோங்கள். கார்டுக்கு 3 விநாடி, படப்பெயருக்கு 5 விநாடி என்றால் 20 விநாடியில் முடிந்துவிடும். இடையில் மூச்சுவிட வெறும் காட்சிகளைச் சேர்த்தாலும் 40 விநாடியைத் தாண்டாது. வாய்விட்டு இரண்டு முறை படிக்க முடியாத பெயர் திரையில் நிற்கவில்லை என்றே பொருள்.

எழுத்தாணி:
கொம்பு பிரிவதற்கு எழுத்துரு காரணமன்று. மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரம் (எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் 'டெக்ஸ்ட் எஞ்சின்') தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகும் அசைவை எழுத்து எழுத்தாகக் கொடுக்காமல் சொல் சொல்லாகக் கொடுப்பதே பாதுகாப்பானது. எழுத்து இடைவெளியையும் ஆங்கிலத் தலைப்புகளில் செய்வதுபோல் அகட்டாதீர்கள். கொம்பு தன் மெய்யை விட்டு விலகி, முந்தைய எழுத்தோடு ஒட்டியதுபோல் தெரியும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது, உரிமச் சிக்கலும் இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: சூளையில் எடுக்கும் படத்தில் எழுத்துகள் ஏன் பறக்க வேண்டும்? செங்கல்லின் நடுவில் சூளைக்காரரின் பெயரெழுத்து பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் பலகையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால், கவிழ்த்த பச்சைக் கல்லில் (சுடாத செங்கல்லில்) அது நேராக விழும். 5 கார்டுகளுக்கும் படப்பெயருக்குமாக 6 பலகைகள் செய்து, மீதமுள்ள 2 நாளில் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

செம்மண்:
மிக்க நன்றி. அச்சைக் கவிழ்க்கும்போது தரையில் எழும் 'தொப்' என்ற ஓசையை ஏற்கெனவே தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு பெயர் என அமைக்கலாம் போலிருக்கிறது. 'ண' போன்ற எழுத்துகளின் சுழிகளில் மண் அடைத்துக்கொள்ளுமோ என்பதுதான் கவலை.

எழுத்தாணி:
அடைக்கும். எனவே எழுத்தைப் பெரிதாகவும் கோட்டைத் தடிப்பாகவும் வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் முன் பலகையில் நன்றாக மணல் தூவுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால்தான் பள்ளத்தில் நிழல் நின்று எழுத்து தெளிவாகத் தெரியும்; உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். கல் காய்ந்து வெடிப்பு விடுவதற்குள் எடுத்து முடியுங்கள். பெயர்களின் எழுத்துப்பிழையைப் பலகை செதுக்கும் முன்பே உரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கணினியில் திருத்துவதுபோல் அங்கே திருத்த முடியாது.