மேற்குப் பக்க வேம்பைச் சேர்த்தால் ஏசி சுமை நம்ப முடியாமல் இறங்குகிறது: எங்கே பிழை?

கேள்வி
திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் மாடியில்லாத வீடு, ஓட்டுக் கூரை. மேற்குச் சுவரிலிருந்து 5 மீற்றரில், யன்னலுக்கு நேரெதிரே வேம்பு. உயரம் 8 மீற்றர், இலை 2.5 மீற்றரில் தொடங்குகிறது, அகலம் 4 மீற்றர். கட்டடத்தின் வெப்பம், மின்தேவையைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் மரத்தை நிலத்திலிருந்து உச்சிவரை பெட்டியாக வரைந்தேன். ஏசி சுமை (ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பம்) விழுந்துவிட்டது. வீட்டை 90 பாகை திருப்பினால் மரமும் கூடவே திரும்புகிறது. வீட்டின் எரிசக்தித் தரப்படுத்தலுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

பதில் 1
மரத்தை 'ஷேடிங்:பில்டிங்:டீட்டெயில்ட்' இல் போட்டிருப்பீர்கள், அது வீட்டோடு சுழலும். 'ஷேடிங்:சைட்:டீட்டெயில்ட்' க்கு மாற்றுங்கோ, நின்ற இடத்தில் நிற்கும்.

சுமை விழுவது வேறு பிழை. எந்தக் காலத்தில் இலை எவ்வளவு வெயிலை ஊடே விடும் என்று சொல்லும் ட்ரான்ஸ்மிட்டன்ஸ் ஷெட்யூல் கொடுக்காவிட்டால் இலையைச் சுவராகவே கணிக்கும். 0 என்றால் முழு மறைப்பு, 1 என்றால் மறைப்பே இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் வேம்பு இலை கொட்டும்போது எண்ணைக் கூட்டுங்கோ. ஷெட்யூல் மாதத்துக்கு மாதம் மாறுவதால் நிழல் கணிக்கும் ஷடோ கல்குலேஷன் பகுதியில் வானொளிக் (வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம்) கணிப்பை 'டீட்டெயில்ட்' ஆக்க வேண்டும். 'சிம்பிள்' ஒரே தரம் கணித்து அதையே வருடம் முழுக்கப் பாவிக்கும்.

எண்ணை ஊகிக்க வேண்டாம். முகிலில்லாத மதியம் லக்ஸ் மீற்றரை நிழலில் ஐந்தாறு இடத்தில் வைத்துச் சராசரி எடுத்து, வெட்டவெளி அளவால் பிரியுங்கோ. நிழலில் வானொளியும் கலப்பதால் விடை சற்றுக் கூட வரும், கொஞ்சம் குறைத்துப் போடுங்கோ.

பதில் 2
பெட்டி நிலத்தில் தொடங்குவதும் பிழை. யன்னல் நடு 1.5 மீற்றர் என்றால், 5 மீற்றரில் நிற்கும் இலைத்திரள் அடிவானிலிருந்து 11 முதல் 52 பாகை உயரம் வரைதான் சூரியனை மறைக்கும். யூனில் பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 31 பாகை, 5 மணிக்கு 17. இரண்டும் அதற்குள் அடங்கும். கிளையை 3.5 மீற்றருக்குக் கழித்தால் கீழ் எல்லை 22 ஆகிவிடும், 5 மணி வெயில் அறைக்குள்தான்.

கனபேர் தவறவிடுவது திசையை. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை எங்கள் சூரியன் வடக்கே நிற்கும். யூன் பின்னேர வெயில் நேர்மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே சரிந்து வருவதால் உங்கள் வேம்பின் நிழல் 2 மீற்றர் தெற்கே தள்ளி விழும். கச்சான் காற்று வீசும் காலத்தில், வெக்கை கூடிய நேரத்தில், யன்னலின் வடக்குப் பாதி திறந்தபடி கிடக்கும். ஆகவே மரத்தின் இடத்தை ரேப் பிடித்து அளந்து ஆள்கூறாகப் போடுங்கோ.

கேட்டவர்
விளங்குது அண்ணா. இதற்குப் பதிலாகப் பிரித்தானிய வீட்டு எரிசக்தி மதிப்பீட்டு முறையான சாப் (SAP) அட்டவணையிலுள்ள நிழல் குணகத்தைப் பாவித்தால் காணாதா?

பதில் 2
காணாது தம்பி. அது வானம் எவ்வளவு மறைகிறது என்று மட்டுமே பார்க்கும்: 20–60 வீதத்துக்குக் கோடையில் 0.9, 60–80 க்கு 0.7. எந்தத் திசை, எந்த மணி என்பது அதில் இல்லை.

தரப்படுத்தலுக்கு, அந்த முறையில் வேறு விதி இல்லையென்றால், மரமில்லாத எண்ணையே கொடுங்கோ. ஏசி அளவையும் அதிலிருந்தே எடுங்கோ. 1964 டிசெம்பர் புயல் அடித்த ஊர் இது, மரம் வீட்டுக்கு முன்பே போகலாம். மரத்தோடு வரும் எண்ணை உயரம், தூரம், கிளை உயரத்துடன் தனி வரியில் எழுதுங்கோ.

பதில் 1
ஓம். மதியத்தில் கூரை வழியாக வரும் சுமையையும் ஒருக்கா பாருங்கோ, அந்த நேரம் இந்த மர நிழல் கூரைக்கு எட்டாது. மரம் சேர்த்ததும் அதுவும் நல்லாய் இறங்கினால் ஆள்கூறு பிழைத்துப் பெட்டி கூரைக்கு மேலே ஏறியிருக்கிறது.