பழைய லாரியில் பவர் ஸ்டியரிங் பம்ப் மாற்றுவது குறித்து

கேள்வி:
எங்கள் ஆறு சக்கர லாரி 2004ஆம் ஆண்டு மாடல். சில வாரங்களாக, லோடுடன் மெதுவாகத் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகுகிறது. ஸ்டியரிங்கை இலகுவாக்க ஆயிலை அழுத்தித் தரும் பம்பிலிருந்து முனகல் சத்தமும் வருகிறது. ஆயில் டேங்க்கைத் திறந்தால் நுரை தெரிகிறது. பம்பை மாற்றச் சொல்கிறார்கள். பழுது பம்பில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 1:
நுரை இருந்தால் ஆயிலில் காற்று கலக்கிறது என்று பொருள். டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் காற்று உள்ளே புகுந்துவிடும். முதலில் அந்த ஹோஸையும் பில்டரையும் மாற்றிப் பாருங்கள். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவுதான்.

பதில் 2:
மேலே நண்பர் கூறியது மிகச் சரி. பழைய பில்டரைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். மடிப்புகளில் பளபளக்கும் உலோகத் துகள்கள் ஒட்டியிருந்தால் பம்பின் உட்பகுதி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஸ்டியரிங் பாக்ஸிலும் (ஸ்டியரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) குழாய்களிலும் உள்ள பழைய ஆயிலை முழுவதும் வடிக்காமல் புதிய பம்பைப் பொருத்தினால், அந்தத் துகள்களே அதையும் கெடுத்துவிடும். குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் காப்பர் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பம்ப் மாற்றினால் காற்றை எப்படி எடுப்பது?

பதில் 2:
முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். இன்ஜினை இயக்காமல் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை மெதுவாகச் சுழற்றி, ஆயில் குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழிகள் நின்ற பிறகே இன்ஜினை இயக்க வேண்டும். கடைசி முனையில் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடிக்கவே கூடாது. ஆயில், வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட வகையாக மட்டுமே இருக்கட்டும்.