அட்டை வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடியில் பாடம் நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சூரியக் குடும்பத்தை மெய்நிகர் காட்சியாகப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கூகுள் 2014-ல் கொண்டுவந்த, போனைச் செருகிப் பார்க்கும் கார்ட்போர்டு கண்ணாடி மாதிரியைப் பார்த்து, பார்சல் அட்டையை வெட்டி, லென்ஸ் வாங்கி ஒட்டி, நானே நான்கு கண்ணாடிகள் செய்தேன். போன்களை சக ஆசிரியர்கள் கொடுத்தார்கள்.

நேற்று வகுப்பில் போட்டுப் பார்த்தோம். ஒரு போனில் தலையைத் திருப்பினால் வியாழன் கண்முன்னே வருகிறது. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் காற்றில் கையை நீட்டி அதைத் தொடப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற மூன்று போன்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி அசையவே இல்லை. அவற்றில் போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் சென்சார் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இன்னொரு கவலை. காட்சி தானாகப் பறந்து செல்லும் வீடியோவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தலை சுற்றிவிட்டது. நாம் நகர்வதாகக் கண் சொல்கிறது, அசையவில்லை என்று உள்காது சொல்கிறது, அந்தக் குழப்பம்தான். உடனே நிறுத்திவிட்டேன்.

பழைய போன் வாங்கும்போது கைரோஸ்கோப் இருக்கிறதா என்று கடையிலேயே எப்படிச் சோதிப்பது? சிறு பிள்ளைகளுக்குக் கண்களுக்கு இடையே தூரம் குறைவு. லென்ஸை நகர்த்தும்படி அட்டையை எப்படி வெட்டலாம்? ஏ-ஃபிரேமில் (இணையப் பக்கத்தில் வி.ஆர். காட்சி எழுத உதவும் மென்பொருள்) நிலையான காட்சி எழுதிப் பழகியவர்கள் இருந்தால், எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி இதே பாடம்.