தமிழ் எழுத்து வரம்பும் பொதுக் கூறு நூலகமும்: வழிகாட்டல் வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். காரைக்குடியில் நாங்கள் மூவர், ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, பலகாரம் விற்கும் கடைகளின் செயலிகளுக்காக ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ரியாக்டில் ஒரு பொதுக் கூறு நூலகத்தை (உரைப்பெட்டி போன்ற திரைக் கூறுகளின் நிரல் தொகுப்பை) எழுதிப் பராமரித்து வருகிறோம்.

அதிலுள்ள உரைப்பெட்டி, புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் நீள அளவை அப்படியே நம்புவதால், 6 எழுத்துள்ள ‘மணக்கோலம்’ என்ற சொல்லை 9 என்று எண்ணி, பெயரை முடிக்கும் முன்பே வாடிக்கையாளரைத் தடுத்துவிடுகிறது. உரையை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்ட்ல் செக்மென்டரைப் பயன்படுத்தினால் 6 என்றே சரியாக வருகிறது. ஆனால் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை அதுவும் இரண்டாகப் பிரிக்கிறது. (எங்கள் பக்கம் ‘லக்ஷ்மி’யை ‘லெட்சுமி’ என்றே பலரும் எழுதுவதால் பாதித் தொல்லை இல்லை.) இவ்விரண்டுக்கும் தனி விதி எழுதுவது முறையா, அதற்குச் சோதனைகளை எப்படி அமைப்பது?

இன்னொன்று: எண்ணும் முறை மாறினால், முன்பு மறுக்கப்பட்ட நீண்ட பெயர்கள் இனி ஏற்கப்பட்டு, எழுத்து எண்ணிக்கையில் அல்லாமல் பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) அளவில் வரம்பு வைத்துள்ள சர்வர் அவற்றை நிராகரிக்கக்கூடும். எனவே இதைப் பிழைத்திருத்தமாக 2.4.1 என்று வெளியிடாமல், 3.0.0 என்று முதன்மைப் பதிப்பாகவே (பழைய பயன்பாட்டைப் பாதிக்கக்கூடிய மாற்றத்துக்கு உரியது) வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. உடன் பணிபுரிவோர் இதை ஏற்கவில்லை. பொது நிரல் நூலகங்களுக்குப் பங்களித்த அனுபவமுள்ளவர்கள் தங்கள் நடைமுறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.