கடலுக்குள் வேலை முடிந்து வந்ததும் ஸ்பேனர் இறுகுகிறது, கத்தி துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு (பார்னக்கிள்) சுரண்டுவது, புரொப்பெல்லர் தண்டை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டி மாற்றுவது போன்ற வேலைகளுக்காக அடிக்கடி இறங்குகிறேன். ஏறியதும் கருவிகளைக் குழாய்த் தண்ணீரில் அலசித்தான் வைக்கிறேன். ஆனாலும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் திருகு சுற்றவே மாட்டேன் என்கிறது. கத்தி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உறைக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு. மட்டமான கத்தியை என் தலையில் கட்டிவிட்டார்களா?

நீர்க்காகம்
கத்தி மட்டமில்லை, உறைதான் வில்லன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது சேதமானால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். ஈர உறைக்குள் உப்பு இருக்கிறது, காற்றுதான் போவதில்லை. அப்புறம், கூர் நிற்க வேண்டுமென்று பல டைவிங் கத்திகளை 420 போன்ற கெட்டியான ரகத்தில் செய்கிறார்கள். படகுச் சாமான்களில் வரும் 316 அளவுக்கு அது உப்பைத் தாங்காது. டைட்டானியம் துருப்பிடிக்காது, ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும்.

இடுக்கில் புகுந்த உப்பு அலசினால் மட்டும் போகாது. வெதுவெதுப்பான நன்னீரில் அரை மணி நேரமாவது ஊற விடுங்கள். தண்ணீருக்குள்ளேயே திருகை இரண்டு பக்கமும் முழுதாக ஓட்டுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் மணலும் வெளியே வரும். நன்றாகத் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். கத்தியையும் உறையையும் தனித்தனியாக வையுங்கள்.

ஆழத்துக்காரன்
அட்ஜஸ்டபிளை நான் கீழே கொண்டுபோவதே இல்லை. கையுறையோடு திருகைச் சரிசெய்வதற்குள் பாதிக் காற்று தீர்ந்துவிடும், நட்டின் முனையும் வழுக்கித் தேயும். அளவு பார்த்து ரிங் ஸ்பேனர் எடுத்துப் போங்கள். இன்னொரு கையால் எதையாவது பிடித்துக்கொள்ளாவிட்டால் நட்டு சுற்றாது, நீங்கள்தான் சுற்றுவீர்கள்.

சுத்தியலை ஓங்கி அடித்தாலும் தண்ணீர் வேகத்தைத் தின்றுவிடும். தலை கனமான சுத்தியலைக் குட்டையாக வீசுங்கள்.

முக்கியமானது: கனமான கருவிகளை உடம்பில் மாட்டிக்கொண்டு இறங்காதீர்கள். அந்தக் கனத்துக்கு ஈடாக மிதவை ஜாக்கெட்டில் காற்று நிரப்பியிருப்பீர்கள். கருவி கைநழுவினால் சட்டென்று மேலே தூக்கிவிடும். பையில் போட்டுக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். சின்னக் கருவிகளுக்கு, இழுத்தால் கழன்றுவிடும் கொக்கியுள்ள குட்டைக் கயிறு போதும். நீளமாக விட்டால் அதுவே சிக்கும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. ஏற்கெனவே பிடித்த துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?

நீர்க்காகம்
சாதாரண இரும்புக் கம்பி வேண்டாம். அதன் துகள்கள் கத்தியில் ஒட்டி அவையே துருப்பிடிக்கும். வினிகரில் சிறிது நேரம் வைத்து நைலான் பிரஷால் தேய்த்து, நன்னீரில் கழுவுங்கள். பிளீச்சிங் திரவம் பக்கமே போகாதீர்கள், குளோரின் குழி விழவைக்கும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை, சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் இருக்கும் இடத்தில் அடிக்கக் கூடாது: ரப்பர் கெடும், சிலிண்டரில் ஆக்சிஜன் அதிகமான கலவையென்றால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஆழத்துக்காரன்
ஒன்று விட்டுப்போச்சு. புரொப்பெல்லர் பக்கம் போகும்போது எஞ்சின் சாவி யாரிடம் இருக்கிறது? கழற்றி, நீங்கள் மேலே வரும்வரை தரக்கூடாது என்று சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.