4கேவா, 60 எஃப்பிஎஸ்ஸா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

4கே என்றால் படத்தின் துல்லியம் (ரெசல்யூஷன்), எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை படம் என்கிற வேகம். விளையாடும்போது இரண்டில் எது முக்கியம்? நானே தொடங்குகிறேன். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ கேம் கன்சோல் வாங்கியபோது கூடவே ஒரு 4கே டிவியும் வாங்கினேன். 2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' விளையாட்டின் செட்டிங்ஸில் இரண்டு வழி உண்டு: ஒன்று ரெசல்யூஷனுக்கு முன்னுரிமை, மற்றது வேகத்துக்கு. இவ்வளவு செலவு செய்து 4கே டிவி வாங்கிவிட்டு துல்லியம் குறைந்த 1080பியில் ஆடுவானேன் என்று முதல் வழியிலேயே இருந்தேன். நாயகன் க்ரேடோஸின் தாடி மயிர், கோடாரிப் பிடியில் சுற்றிய தோல் எல்லாம் அப்படித் துல்லியமாகத் தெரியும். ஏரியில் படகை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றிப் பார்த்த நாட்கள் உண்டு.

அப்புறம் சிக்ரூன் வந்தாள், சிறகுள்ள போர்ப்பெண்களான வால்கிரிகளின் ராணி. மஞ்சள் வளையம் மின்னினால் சரியான நொடியில் எல்1 பொத்தானை அழுத்திக் கேடயத்தால் தட்டிவிட வேண்டும். சிவப்பு மின்னினால் கேடயம் உதவாது, உருண்டு விலக வேண்டும். இரண்டு வாரம் தினமும் இரவில் அவளிடம் செத்தேன். வளையத்தைப் பார்த்து அழுத்துவதற்குள் அடி விழுந்திருக்கும். ஓர் இரவு, வேறு வழி தெரியாமல், வேகத்துக்கு மாற்றினேன்.

மாற்றியதும் முதலில் வித்தியாசம் தெரிந்தது கண்ணுக்கு இல்லை, கட்டைவிரலுக்கு. வலது ஸ்டிக்கைத் திருப்பினால் கேமரா கூடவே வந்தது. அதுவரை அது கொஞ்சம் பின்தங்கி வந்திருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது. கணக்கு எளிது: 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு படம் 33 மில்லிசெகண்ட் நிற்கும், 60இல் 17தான். அவளது ஒரு வீச்சுக்கு 0.2 நொடி என்று வைத்துக்கொண்டால், 30இல் அந்த வீச்சை 6 படங்களாகப் பார்ப்போம், 60இல் 12 படங்களாக. ப்ரோவில் எப்போதும் முழு 60 வராது, ஏறி இறங்கும். ஆனாலும் மூன்றாம் நாள் இரவு அவளை வீழ்த்தினேன்.

1080பியில் சுமார் 20.7 லட்சம் பிக்சல் (படத்தின் புள்ளிகள்), 4கேயில் 82.9 லட்சம். நான்கு மடங்கு. அவள் சிறகடித்து மேலே எழும்பும்போது எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நான் அந்தத் தோல் சுற்றையா தேடினேன்? சண்டை முடிந்து படகுக்குத் திரும்பியதும் ரெசல்யூஷனுக்கே மாற்றிக்கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5க்கான அப்டேட் வந்ததும், செக்கர்போர்டு முறையில் (பாதிப் பிக்சல்களை வரைந்து மீதியைக் கணித்து நிரப்புவது) 4கே, 60 எஃப்பிஎஸ் வரை, இரண்டும் சேர்ந்தே கிடைத்தது.

*

அண்ணே, என் கதை பிசியில். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 144 முறை திரை புதுப்பிக்கும்) வாங்கி நாலு மாதம் ஆகியும் பெரிய மாற்றம் தெரியவில்லை. மூலையில் எஃப்பிஎஸ் 140 என்று காட்டும், திரையோ பழைய மாதிரியே இருக்கும். ஒரு நண்பன் வந்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால், அதில் 60 ஹெர்ட்ஸ் என்றே இருந்தது. 144க்கு மாற்றிவிட்டு மவுஸ் அம்பை வட்டமாகச் சுற்றிப் பார்த்தோம். அம்பு விட்டுவிட்டுத் தெரியாமல் கோடு போல ஓடியது. புது மானிட்டர் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே இதைப் பாருங்கள்.

இன்னொன்று: ரெசல்யூஷனைக் குறைத்தால் எப்போதும் வேகம் கூடும் என்று நம்பாதீர்கள். 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' விளையாட்டில் என் ஊர் பெரிதானதும் வேகம் விழுந்தது. 720பி வரை இறக்கிப் பார்த்தேன், ஒரு எஃப்பிஎஸ்கூட ஏறவில்லை. அத்தனை மக்களும் வண்டிகளும் எங்கே போவது என்று கணக்குப் போடுவது பிராசசர். கிராபிக்ஸ் கார்டின் சுமையைக் குறைத்து அதற்கு என்ன லாபம்? மறுபடி 1440பிக்கே ஏற்றிவிட்டேன்.

*

30க்கும் 60க்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லையே. 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டுக்குப் பின்னால் வந்த அப்டேட்டில் 40 எஃப்பிஎஸ் வழி ஒன்று சேர்த்தார்கள். 40 என்றதும் 30க்குப் பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு படத்துக்கு 25 மில்லிசெகண்ட், அதாவது 33க்கும் 17க்கும் சரிபாதி. அழகு பெரிதாகக் குறையாமல் கைக்கு இலகுவாக இருந்தது. முழு விளையாட்டையும் அதிலேயே முடித்தேன். 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும், 120ஐ 40 சீராக வகுக்கும் என்பதால்.

*

என் டிவி 60 ஹெர்ட்ஸ்தான் தம்பி. 60ஐ 40 வகுக்காது. அடுத்த டிவி வாங்கும்போது முதலில் கேட்கப்போவது இதைத்தான்.